லாரிக்கு முன்னால் கொஞ்சம் இடம்!

பின் சக்கரத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு மெக்கானிக் என்னை ஒரு பார்வை பார்த்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தம்பிக்கு சிகரெட் பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்பாரே... அந்தப் பார்வை!

"இன்னா சார், டெய்லி ஆபீஸ் போறீங்களா, இல்ல யாரையாவது தொரத்திக்கினு போறீங்களா?"

"ஏம்ப்பா?"

"ஷூ மாத்தி ஆறு மாசம் ஆவல. ஒண்ணுமே இல்ல பாருங்க, இரும்பு தெரியுது."

உடனே பழியை ஷூ மேல் போட்டேன். டூப்ளிகேட் சரக்கு, கலப்படம், நாடு கெட்டுப் போச்சு, இத்யாதி இத்யாதி. அவர் அசரவில்லை. முன் சக்கரத்துப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். அங்கே எல்லாம் புத்தம் புதுசு. கடையில் வாங்கியபடியே இருந்தது.

"முன் பிரேக்குனு ஒண்ணு கீது, அதைத் தொட்டதே கிடையாதா?"

"தொட்டா குப்புற விழுந்துடுவோம்னு..."

"யார் சொன்னது?"

யார் சொன்னது? யோசித்துப் பார்த்தேன். சைக்கிள் கற்றுக் கொடுத்த மாமா சொன்னது. அவருக்கு யார் சொன்னார்களோ! பரம்பரைச் சொத்தாக வந்திருக்கிறது.

"நல்லா கேட்டுக்கங்க சார். முறுக்கி அறுபதுல போறீங்க. அதுக்கு பெட்ரோல் காசு. அடுத்த நிமிஷம் மிதிச்சு நிறுத்துறீங்க. அதுக்கு ஷூ காசு. காசு குடுத்து வாங்குன ஸ்பீடை, மறுபடி காசு குடுத்துத் தூக்கிப் போடுறீங்க."

ஒரு பி.காம் பட்டதாரிக்கு இதைவிட அவமானம் வேண்டாம்.

எங்கள் படிப்பில் தேய்மானம் என்பது ரொம்ப சௌகரியமான ஏற்பாடு. மெஷின் விலை இத்தனை, ஆயுள் பத்து வருஷம், வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்று கழித்துக்கொண்டே போவோம். அந்த மெஷினை ஓட்டுகிறவன் நிதானஸ்தனா, முரடனா என்று எந்த ஆடிட்டரும் கேட்டதில்லை. பிரேக்குக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஓடிய கிலோமீட்டரைவிட, எத்தனை தடவை மிதித்தோம், மிதிக்கும்போது என்ன வேகம், வண்டியின் எடை என்ன என்பதுதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஸ்ட்ரெய்ட் லைன் மெத்தடும் கிடையாது, ரிட்டன் டவுன் வேல்யூ மெத்தடும் கிடையாது. எல்லாம் டிரைவர் மெத்தட்!

கிளம்பும்போது மெக்கானிக் ஒரு வார்த்தை போட்டார். "லாரி முன்னால பூந்து பூந்து போறீங்களே, அவன் எப்படி நிறுத்துறான்னு என்னைக்காவது பாத்துக்கீறீங்களா? ஒரு நாள் அதுல ஏறிப் பாருங்க. அப்பால வந்து பேசுங்க."

ஏறிப் பார்த்தேன்.

நாமக்கல்லில் கூடப் படித்த நண்பன் ஒருவன் இருந்தால், அவனுக்கு லாரி வைத்திருக்கும் மாமா ஒருவரும் இருந்தே தீருவார். அந்த மாமாவின் தயவில், டைல்ஸ் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி வழியாக வந்த பத்துச் சக்கர லாரியில் சேலம் வரைக்கும் எனக்கு ஒரு இடம் கிடைத்தது. டிரைவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, தோளில் துண்டு, டேஷ்போர்டில் முருகன், முருகனுக்குப் பக்கத்தில் செல்போன்.

"ஏறுங்க தம்பி. பத்திரிகைங்களா? எளுதுங்க எளுதுங்க. லாரிக்காரன் இடிச்சாத்தான் எங்களைப் பத்தி எளுதுவாங்க. இன்னும் இடிக்கலீங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க!"

நான் செய்த முதல் காரியம், அவர் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தது. பிரேக்கை எத்தனை தடவை மிதிக்கிறார் என்று எண்ணலாம் என்று திட்டம். கொஞ்ச நேரத்தில் அலுத்துவிட்டது. மனுஷன் மிதித்தால்தானே எண்ணுவதற்கு! அரைக் கிலோமீட்டர் தூரத்தில் ஒரு டவுன் பஸ் ஓரம் கட்டுவதைப் பார்த்தால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். வண்டி தானாக வேகம் குறைந்து போய்க்கொண்டிருக்கும். நாங்கள் அங்கே போய்ச் சேருவதற்குள் பஸ் கிளம்பியிருக்கும். மறுபடி கியரை மாற்றி மெதுவாகப் பிடிப்பார். அவ்வளவுதான்.

நானாக இருந்தால்? பஸ்ஸின் பின்புறம் மூக்குக்கு நேரே வரும்வரை முறுக்கியிருப்பேன். பிறகு மிதி, ஹாரன், வசவு. எல்லாம் இலவசம்.

"நீங்க முன்னால போற வண்டியப் பாத்து ஓட்டுவீங்க. நாங்க அதுக்கு நாலு வண்டி முன்னால போறதப் பாத்து ஓட்டோணும். பிரேக்கு கால்ல இல்லீங்க தம்பி, கண்ணுல இருக்குது" என்றார்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்கூலில் படித்து மறந்த ஃபிஸிக்ஸ்தான், பயப்பட வேண்டாம். ஓடும் வண்டியில் இருக்கும் சக்தி, எடையோடு நேராக ஏறும். வேகத்தோடு வர்க்கமாக ஏறும். அதாவது வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நாலு மடங்கு. பிரேக் அந்தச் சக்தியை எங்கேயும் ஒளித்து வைப்பதில்லை. உரசி உரசிச் சூடாக மாற்றிக் காற்றில் விடுகிறது.

வண்டியும் சரக்குமாக 25 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அந்த லாரியை ஒரு தடவை முழுசாக நிறுத்தினால் கிளம்புகிற சூட்டில் சுமார் 12 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அதையே 40-ல் வரும்போது நிறுத்தினால் 5 லிட்டர் சொச்சம்தான் கொதிக்கும். வேகத்தில் வித்தியாசம் 20 கிலோமீட்டர்; சூட்டில் வித்தியாசம் இரண்டு மடங்குக்கு மேல். கண்ணால் முன்கூட்டியே பார்த்து, காலை எடுத்து, வேகத்தைத் தானாக விழவைத்து, கடைசியில் கொஞ்சம் மட்டும் மிதிக்கிறவருடைய லைனர் ஏன் அதிக நாள் வருகிறது என்பது இப்போது புரியும். நானும் என் பைக்கும் சேர்ந்து 200 கிலோ. அந்த லாரி எங்களைப்போல் 125 மடங்கு. இந்த 125-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

தர்மபுரி தாண்டியதும் அண்ணன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். டேஷ்போர்டு முருகனை ஒரு தரம் பார்த்தார். தொப்பூர் கணவாய்!

பெங்களூரிலிருந்து சேலம் போகும் எல்லோருக்கும் அந்த இறக்கம் தெரியும். காரில் போகிறவர்களுக்கு அது அழகான மலைக் காட்சி. லாரிக்காரர்களுக்கு வேறு மாதிரி. 2020 டிசம்பரில் சிமென்ட் ஏற்றி வந்த ஒரு லாரி கட்டுப்பாடு இழந்து, முன்னால் தேங்கி நின்ற வண்டிகள்மேல் வரிசையாக மோதி நாலு பேர் இறந்தது இங்கேதான். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை எண்ணி மாளாது. மறுநாள் பேப்பரில் ஒரே தலைப்புதான் வரும்: பிரேக் பிடிக்காமல் தறிகெட்டு ஓடிய லாரி.

"பிடிக்காம இல்லீங்க. பிடிச்சுப் பிடிச்சுத்தான் இல்லாமப் போச்சு" என்றார் அண்ணன்.

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக் கீழ் கியருக்கு வந்துவிட்டார். எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டார். 'புர்ர்ர்...' என்று வண்டி உறுமிக்கொண்டு, கயிறு கட்டி இழுத்துப் பிடித்த மாதிரி இறங்கியது. சைலன்ஸர் பாதையில் ஒரு கதவு மூடிக்கொண்டு புகையை வெளியே விடாமல் தடுக்க, மூச்சு முட்டிய இன்ஜின் தன்னையே எதிர்த்துத் தள்ளுகிறது. வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலையைச் சக்கரத்திலிருந்து இன்ஜினுக்கு மாற்றிவிட்டார் என்று அர்த்தம். இன்ஜினுக்குத்தான் தண்ணீர், ரேடியேட்டர், ஃபேன் எல்லாம் இருக்கிறதே!

"ஏறுற கியர்லயே எறங்கோணும்னு எங்க குருநாதர் சொல்லுவாருங்க. இப்ப வர்ற வண்டியெல்லாம் பவர் சாஸ்தி, பெரிய கியர்லயே சொய்னு ஏறிப்போடுது. அதனால எறங்கறப்ப அதைவிடக் கம்மி கியர் போடோணும். புதுப் பசங்களுக்கு இது தெரியறதில்லீங்க."

கீழ் கியரும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் போட்டும் வேகம் மெள்ள மெள்ள ஏறத்தான் செய்கிறது. முப்பதைத் தொட்டதும் அழுத்தமாக ஒரு மிதி. இருபதுக்கு வந்ததும் காலை எடுத்துவிட்டார். மறுபடி முப்பது வரும்வரை தொடவில்லை. நடுவில் கிடைக்கும் அந்த இடைவேளையில் டிரம் காற்று வாங்கிக்கொள்கிறது. பயந்துபோய்க் காலை எடுக்காமல் லேசாக அழுத்திக்கொண்டே இறங்குகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

எப்படி மாட்டுகிறார்? இன்னொரு தண்ணீர்க் கணக்கு. அதே 25 டன் லாரி, 100 மீட்டர் உயரம் இறங்கும்போது, முழுப் பளுவையும் பிரேக்கே தாங்கினால் வரும் சூட்டில் 80 லிட்டருக்கு மேல் தண்ணீர் கொதிக்கும். கல்யாண வீட்டு அண்டா! அத்தனையும் டிரம்மில் இறங்கினால், டிரம் சூட்டில் விரிந்து லைனரை விட்டு விலகுகிறது. லைனரை அழுத்தும் கம்பி இன்னும் தூரம் தள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு எல்லை உண்டு. லைனருக்குள்ளே பசை மாதிரி இருக்கும் ரெசின் கருகி வாயு கிளம்புகிறது. மேல் பரப்பு கண்ணாடி போல வழவழவென்று ஆகிவிடுகிறது. டிரைவர் பலம் கொண்ட மட்டும் மிதிக்கிறார். பெடல் இருக்கிறது, காற்று இருக்கிறது, லைனர்கூட இருக்கிறது. பிடிமானம் மட்டும் இல்லை. அந்தக் கருகல் நாற்றத்தை மலைப் பாதையில் நீங்களும் முகர்ந்திருப்பீர்கள். வாந்தி வருகிறது என்று ஜன்னலைத் திறந்துவிட்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்திருப்பீர்கள்.

இதில் இன்னொரு கூத்து: புகையும் சக்கரத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது. கொதிக்கும் வார்ப்பிரும்பு டிரம் சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும். ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்தால் தானாக ஆறும். ஆனால் டீ குடிக்க நேரம் வேண்டுமே!

பிரேக்கை டப்டப்பென்று விட்டுவிட்டு மிதிக்கிறவர்களும் உண்டு. லாரி பிரேக் வேலை செய்வது காற்றழுத்தத்தில். ஒவ்வொரு மிதிக்கும் டேங்கிலிருந்து கொஞ்சம் காற்று செலவு. அதை நிரப்புவது இன்ஜினோடு ஓடும் கம்ப்ரஸர். சில மகானுபாவர்கள் இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று இன்ஜினையே ஆஃப் பண்ணிவிட்டு இறங்குவார்கள். கம்ப்ரஸர் நின்றது, வரவு பூஜ்யம், செலவு மட்டும் நடக்கிறது. பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். எந்தக் கம்பெனியும் இப்படி ஒரு பாலன்ஸ் ஷீட்டோடு மலை இறங்காது.

ஆஞ்சநேயர் கோயில் பக்கம், இரட்டைப் பாலம் எல்லாம் தாண்டி, கீழே ஒரு டீக்கடையில் நிறுத்தினார் அண்ணன். இறங்கிப் போய் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையை நீட்டிப் பார்த்தார். குழந்தைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி.

டீயை உறிஞ்சிக்கொண்டே எனக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொன்னேன். டீசல் இன்ஜின்களில் கம்மின்ஸ் என்ற பெயர் இருக்கிறதல்லவா? அந்தக் கம்பெனியை ஆரம்பித்த கிளெஸ்ஸி கம்மின்ஸ், 1931-ல் டீசல் லாரியின் பெருமையைக் காட்டுவதற்காக நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸ் வரை ஒரு லாரியில் போனார். கலிஃபோர்னியாவில் கஹோன் கணவாய் என்று ஒரு இறக்கம். பிரேக் சுத்தமாகக் கைவிட்டுவிட்டது. கீழே ரோட்டுக்குக் குறுக்கே ரயில் பாதை. அதில் கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருக்கிறது! லாரி தலைகால் தெரியாமல் பாய்ந்து இறங்க, கடைசிப் பெட்டி கடந்து போனதும் இவர்கள் தண்டவாளத்தைத் தாண்டியதும் மயிரிழை வித்தியாசத்தில். அந்தப் பயம் அவரை விடவே இல்லை. ரிடையர் ஆன பிறகும் யோசித்து, இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஒரு கருவியைக் கண்டுபிடித்தார். 1961-ல் அது விற்பனைக்கு வந்தது. எக்ஸாஸ்ட் பிரேக்குக்குப் பெரியண்ணன்.

டிரைவர் அண்ணன் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். "முப்பது வருஷமா மனசுலயே வெச்சிருந்திருக்காரு பாருங்க" என்றார். பிறகு, "அவரு ஓனரு. பயந்தா கண்டுபுடிக்கலாம். நாங்க பயந்தா வேலையை உட்டுப்போட்டு வீட்டுக்குத்தான் போகோணும்."

அங்கேதான் எனக்குப் புரிகிற பாஷைக்கு வந்தோம். கணக்கு!

"லைனர் மாத்துற செலவு ஓனருக்குங்க. டீசல் மிச்சம் பிடிச்சா அந்தக் காசு டிரைவருக்குன்னு பல பக்கம் பேச்சு. லேட்டாப் போனா பேட்டாவுல பிடிப்பாங்க. இப்ப நீங்களே சொல்லுங்க, புள்ளைகுட்டிக்காரன் எதைப் பாப்பான்?"

பிரேக்கைக் காப்பாற்றினால் டிரைவருக்கு ஒரு பைசா கிடையாது. டீசலைக் காப்பாற்றினால் உண்டு. ஆகவே இறக்கத்தில் நியூட்ரல்! இதில் சோகம் என்னவென்றால், அந்த மிச்சமும் பொய். இப்போதைய எலெக்ட்ரானிக் இன்ஜின்களில், கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு இறங்கினால் டீசல் சப்ளையே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால், இன்ஜின் அணையாமலிருக்க டீசல் சொட்டிக்கொண்டே இருக்கும். உயிரைப் பணயம் வைத்து நஷ்டம் சம்பாதிக்கிற வியாபாரம். இதே விதி உங்கள் காருக்கும் பொருந்தும். ஏற்காட்டிலிருந்து நியூட்ரலில் இறங்கியதைப் பெருமையாகச் சொல்லும் ஆபீஸ் நண்பர் யாராவது இருந்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் மேஜையில் வைக்கவும்.

டீக்கடையை விட்டுக் கிளம்பியதும் நடந்தது, இவ்வளவு நேரம் கேட்டதைவிட முக்கியம்.

இறக்கம் முடிந்து ரோடு நிமிர்ந்துவிட்டது. அண்ணன் ஐம்பதில் போகிறார். முன்னால் போகும் டேங்கருக்கும் எங்களுக்கும் நடுவில் தாராளமாக இடம் விட்டிருந்தார். எனக்கே பொறுக்கவில்லை. 'இவ்வளவு இடம் எதுக்கு, இதில் ஒரு கல்யாண மண்டபம் கட்டலாமே' என்று நினைத்து முடிப்பதற்குள், வலது பக்கமாக ஒரு வெள்ளைக் கார் சர்ரென்று வந்து அந்த இடத்தில் நுழைந்தது. நுழைந்ததும் அவருக்கும் டேங்கர் இடிக்க, சிவப்பு விளக்கு பளிச்!

அண்ணன் மிதித்தார். வயிறு முன்னால் போனது, முருகன் ஆடினார், செல்போன் கீழே விழுந்தது. முதுகுக்குப் பின்னால் டைல்ஸ் பெட்டிகள் முனகின. காரின் பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டியிருந்த 'பேபி ஆன் போர்டு' ஸ்டிக்கரை எழுத்துக் கூட்டிப் படிக்கும் தூரத்தில் வேகம் குறைந்து தப்பித்தோம். கார்க்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த இடைவெளியைத் தேடிப் போய்விட்டார்.

நான் கெட்ட வார்த்தையை எதிர்பார்த்தேன். அண்ணன் மறுபடி காலை எடுத்துவிட்டு, காருக்குப் பின்னால் புதுசாக ஒரு இடைவெளியைச் சேர்க்க ஆரம்பித்தார். உண்டியலில் சில்லறை சேர்க்கிற மாதிரி.

"ஒரு நாளைக்கு அம்பது தடவை இப்படிங்க. நான் உடுற எடம் ரோட்டுல சும்மா கெடக்குதுன்னு நெனைக்கறாங்க. அதுதானுங்க என்ற பிரேக்கு. பாதியக் கடன் வாங்கீட்டுப் போறாங்க, திருப்பிக் குடுக்கறதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. அந்த வெள்ளைக் கார் நான்தான். சென்னையில் தினமும் மதுரவாயல் பைபாஸில் கன்டெய்னர் லாரிகளுக்கு முன்னால் பத்துத் தடவையாவது நுழைகிறேன். லாரிக்கு முன்னால் இடம் இருக்கும். காருக்கு முன்னால் இருக்காது. ஆகவே லாரிதான் வசதி! லாரிக்காரன் சோம்பேறி, மெதுவாக வருகிறான், நாம் புகுந்துகொள்ளலாம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறேன்.

இப்போது அந்த 125-ஐ எடுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறோம். நான் குறுக்கே புகுந்ததை லாரி டிரைவர் பார்த்துக் காலை மாற்றி மிதிக்க ஒரு நொடியாவது வேண்டும். 16 மீட்டர் அதிலேயே காலி. மிதித்ததும் காற்று குழாய்களில் ஓடிப் போய்க் கடைசிச் சக்கரம் வரை அழுத்தம் சேர்க்க, கண்ணிமைக்கும் நேரம்தான் என்றாலும், இன்னும் சில மீட்டர். அதற்கப்புறம்தான் 25 டன்னை நிறுத்தும் வேலையே ஆரம்பிக்கிறது. நான் விட்டுவைத்த இடம்? ஒரு ஆட்டோ நிற்கலாம்.

அதோடு, நிஜமாகவே மோதாவிட்டாலும் நஷ்டம் உண்டு. நான் ஒரு தடவை நுழைந்தால், அவர் மிதிக்காமல் போயிருக்க வேண்டிய ஒரு மிதியை மிதிக்கிறார். என் ஆபீஸ் அவசரத்துக்கு அவர் லைனர் தேய்கிறது. இப்படி ஊரே தேய்த்துவிட்ட லைனரோடு அவர் நாளைக்கு ஒரு கணவாயில் இறங்குவார். அங்கே முன்னால் யார் போய்க்கொண்டிருப்பார்களோ!

சேலத்தில் என்னை இறக்கிவிடும்போது, "சென்னைலயும் இப்படியேதான் ஓட்டறீங்களா தம்பி?" என்று கேட்டார். நான் என் பைக்கைப் பற்றி ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. காலைப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. அந்தக் கார் நுழைந்தபோது, இல்லாத பிரேக்கை நானும் தரையில் மிதித்திருக்கிறேன்!

ஊருக்கு வந்ததும் பரிசோதனை ஆரம்பித்தேன். சிக்னலுக்கும் சிக்னலுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் என்று வையுங்கள். 60-ல் போனால் ஒரு நிமிஷம். 40-ல் போனால் ஒன்றரை நிமிஷம். அடித்துப் பிடித்துப் போய் நான் சம்பாதிப்பது முப்பது செகண்ட். அந்த முப்பதையும் அடுத்த சிவப்பு விளக்கு சாவகாசமாகத் தின்றுவிடுகிறது. தூரத்தில் சிவப்பு தெரிந்ததும் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால், பல தடவை நான் போய்ச் சேரும்போது பச்சை விழுந்துவிடுகிறது. எனக்கு முன்னால் பறந்து போனவர் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, அப்போதுதான் கியரைத் தேடிக்கொண்டிருப்பார். அவரைக் கடந்து போகும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே... சின்னப் புத்திதான், ஆனாலும் சந்தோஷம்.

முன் பிரேக்கையும் பழகிக்கொண்டேன். நிறுத்தும்போது வண்டியின் பளு முன்னால் சாய்கிறது. ஆகவே பிடிமானம் அதிகம் இருப்பது முன் சக்கரத்துக்குத்தான். இரண்டையும் சேர்த்து, முன்னதைச் சீராக அழுத்தினால், குறைந்த தூரத்தில் நிற்கிறது. மணலிலும் திருப்பத்திலும் வெடுக்கென்று பிடித்தால்தான் குப்புற விழுகிற கதை. நம்மைப் போன்றவர்களை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அரசாங்கமே முடிவு பண்ணி, 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏ.பி.எஸ்.ஸும், அதற்குக் கீழே ஒன்றைப் பிடித்தால் இரண்டும் பிடிக்கிற ஏற்பாடும் கட்டாயம் என்று ஆக்கிவிட்டது. என்னுடையது அதற்கு முந்திய வண்டி. மாமா காலத்துப் பயம்தான் எனக்கு ஏ.பி.எஸ்.

கஷ்டமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். லாரிக்கு முன்னால் நுழையாமல் இருப்பது.

போன திங்கட்கிழமை பைபாஸில் ஒரு கன்டெய்னர் லாரி. அதற்கு முன்னால் அருமையான இடைவெளி, வா வா என்று கூப்பிடுகிறது. கை பழக்கதோஷத்தில் முறுக்கப் போனது. நிறுத்திக்கொண்டேன். லாரிக்குப் பின்னாலும் ஒட்டாமல், இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி, கொஞ்சம் இடம் விட்டு நிதானமாக வந்தேன். முதல் தடவையாக எனக்கு முன்னாலும் ஒரு இடைவெளி!

அரை நிமிஷம்தான். பின்னாலிருந்து ஹாரன். திரும்பிப் பார்ப்பதற்குள் முதுகில் லஞ்ச் பை தொங்க ஒரு பையன் என்னை உரசிக்கொண்டு வந்து அந்த இடத்தில் நுழைந்தான். நான் முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். அழகாக நின்றது.

"இன்னா அங்கிள், ஊர்வலமா போறீங்க?" என்று கத்திவிட்டு, அவன் லாரிக்கு முன்னால் புகுந்தான். கன்டெய்னரின் சிவப்பு விளக்கு எரிந்தது.